சென்சார் குழாயும் சிரிக்கிற கூட்டமும்

சங்கரன்கோவில்லேருந்தோ திருத்துறைப்பூண்டியிலேருந்தோ சென்னைக்கு வந்த ஒரு பெரியவர், மால்ல கை கழுவுற இடத்துல, கையை நீட்டினா தானா தண்ணி வர்ற சென்சார் குழாய்க்குக் கீழ கையை நீட்டுறதும் இழுக்கிறதுமா நிக்கிறார். தண்ணி வரல. பின்னாடி நிக்கிறவனுக்குச் சிரிப்பு. ஒருத்தன் போன்ல வீடியோ எடுக்கிறான். "பட்டிக்காட்டான் மிட்டாய்க்கடையைப் பார்த்த மாதிரி"ன்னு அதுக்குக் கீழ நாலு பேர் எழுதுறாங்க. வயிறு எரியுது. பாதி இடத்துல கோளாறு குழாய்லதான் இருக்கு, அவர்கிட்ட இல்ல.

குழாயோட கழுத்துலயோ மூக்குக்கு அடியிலயோ விரல் நகம் அளவுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி இருக்கும். அதுலேருந்து கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி போய், கையில பட்டுத் திரும்பி வந்தாத்தான் உள்ள இருக்கிற, கரண்ட்ல திறந்து மூடுற சொலினாய்டு வால்வு திறக்கும். போர் தண்ணியும் லாரித் தண்ணியும் ஓடுற கட்டடத்துல அந்தக் கண்ணாடி மேல உப்பு படிஞ்சு வெள்ளையா ஏடு கட்டிடும். அதை எடுக்கிறேன்னு ஆசிட் ஊத்தி நாரால தேய்க்கிறாங்க. கண்ணாடி மங்கிக் கீறல் விழுந்துபோச்சுன்னா, அப்புறம் எந்தக் கையை நீட்டினாலும் அதுக்குத் தெரியாது.

பேட்டரி இன்னொரு கூத்து. நிறைய மாடல்ல பேசினுக்கு அடியில ஒரு சின்னப் பெட்டி, அதுல நாலு ஏஏ பேட்டரி, மொத்தம் 6 வோல்ட். சார்ஜ் இறங்கினா கறுப்புக் கண்ணாடிக்குள்ள சிவப்பு விளக்கு மினுக்கும். மாத்துறதுக்கு ரெண்டு நிமிஷம் போதும். வாரக்கணக்கா மினுக்கிட்டே கிடக்கும், யாரும் குனிஞ்சு பார்க்கிறதில்ல. தண்ணி நூலா வருதா? வால்வுக்கு முன்னால இருக்கிற வடிகட்டி வலை அடைச்சிருக்கு, கழட்டி அலசணும். வால்வுக்குள்ள இருக்கிற ரப்பர்ல ஒரு மணல் துகள் மாட்டிக்கிச்சுன்னா ராத்திரி பகலா ஒழுகும். மூடலாம்னா மேல திருகு இல்ல. பேசினுக்கு அடியில தண்ணியை நிறுத்துற சின்னத் திருகு (ஆங்கிள் காக்) இருக்கும், அதைத்தான் அடைக்கணும். அது எங்க இருக்குன்னு அங்க வேலை பார்க்கிறவருக்கே யாரும் காட்டியிருக்க மாட்டாங்க. தண்ணியை மிச்சம் பிடிக்கத்தான் இதை வைக்கிறாங்களாம்!

உபயோகிக்கிற முறையையாவது ஒரு வரி எழுதி ஒட்டலாம்ல? ரெண்டு உள்ளங்கையையும் குழாய் மூக்குக்கு நாலு விரக்கடை கீழ, கறுப்புக் கண்ணாடிக்கு நேரா, ஆட்டாம ஒரு விநாடி வைக்கணும். வரலைன்னா கண்ணாடி மேல இருக்கிற ஈரத்தைத் துடைச்சிட்டு மறுபடி வைக்கணும். அப்பவும் வரலைன்னா குழாய் பழுது, பக்கத்துக் குழாய்க்குப் போங்க. இவ்வளவுதான் விஷயம். இதை எழுத இடமில்லாத சுவர்ல எட்டடிக்கு விளம்பரம் மட்டும் ஒட்ட முடியுது.

கழிப்பறை விளக்கும் இதே லட்சணம். ஆள் அசைவைப் பார்த்து எரியிற சென்சாரை வாஷ்பேசினுக்கு மேல மாட்டிடுறாங்க. அது நகர்ற உடம்புச் சூட்டைத்தான் கவனிக்கும், கதவு தடுப்புக்குப் பின்னால என்ன நடக்குதுன்னு அதுக்குத் தெரியாது. உள்ள உட்கார்ந்திருக்கிறவர் தலையில இருட்டு விழும். முழங்கால் வலிக்காரர் கும்மிருட்டுல எழுந்திரிக்கத் தடுமாறுவார். பல சென்சார்ல 'டைம்'னு ஒரு சின்னத் திருகு இருக்கு, ஸ்க்ரூட்ரைவர் வச்சு அதைப் பத்துப் பதினஞ்சு நிமிஷத்துக்குத் திருப்பி விட்டாலே பாதிக் குறை தீரும்.

லாட்ஜ் அறைக் கார்டைப் பத்திப் பேசினா நீளும். கதவுல வச்சதும் பச்சை விளக்கு எரியும், சில விநாடிக்குள்ள கைப்பிடியை அழுத்தணும், விட்டா திரும்பப் பூட்டிக்கும். உள்ள போய் அதே கார்டைச் சுவர்ல இருக்கிற பிளவுல செருகினாத்தான் லைட்டு, ஃபேன். சாவி கொடுக்கும்போதே இதை வாயால சொன்னா என்ன குறைஞ்சிடும்?

ஆனா குளியலறையில சுடுதண்ணியும் பச்சைத் தண்ணியும் கலந்து தர்ற மிக்ஸர் குழாய் விஷயத்துல சும்மா இருக்க முடியாது. ஒத்தைப் பிடி. தூக்கினா தண்ணி, இடப்பக்கம் திருப்பினா சுடுதண்ணி, வலப்பக்கம் பச்சைத் தண்ணி. சிவப்பு, நீலப் புள்ளி கடுகளவு, அதுவும் தேய்ஞ்சு போயிருக்கும். சில இடத்துல பிளம்பர் ரெண்டு பைப்பையும் மாத்திக் கொடுத்திருப்பார். கீசர் 60 டிகிரியில இருந்தா சில விநாடி போதும், தோல் வெந்துடும். வயசானவங்க, குழந்தைங்க தோல் இன்னும் சீக்கிரம் வேகும். கீசர்ல சூட்டு அளவை வைக்கிற தெர்மோஸ்டாட்டைக் குறைச்சு வைங்க, மாறின பைப்பைச் சரி பண்ணுங்க. இதுல சாக்கே சொல்லக் கூடாது.

இப்போ பெரிய கட்டடங்கள்ல வெளியவே மாடி எண்ணை அழுத்தச் சொல்ற லிஃப்ட் வந்திருக்கு. திரையில ஏ, பி, சின்னு ஒரு எழுத்து காட்டும், அந்த எழுத்து போட்ட லிஃப்ட்லதான் ஏறணும். உள்ள மாடி பட்டனே கிடையாது. தெரியாம ஏறினவர், மத்தவங்க போற மாடிக்கெல்லாம் போய் நிக்க வேண்டியதுதான். கையில ஸ்கேன் ரிப்போர்ட்டோட டாக்டரைத் தேடி வந்தவரை இப்படியா அலைய விடுவீங்க? அந்தத் திரைக்குப் பக்கத்துல ஒரு ஆளைப் போடுங்க. முடியாதுன்னா தமிழ்ல, பத்தடி தள்ளி நின்னாலும் தெரியிற எழுத்துல, ஒட்டுங்க: "போக வேண்டிய மாடியை இங்கே அழுத்தவும். திரையில் வரும் எழுத்துள்ள லிஃப்டில் மட்டும் ஏறவும். உள்ளே மாடி பட்டன் இல்லை."