கருத்தை விடுங்கள், நடத்தையை விசாரியுங்கள்

கொரோனா காலத்தில் ஊரோடு ஒத்துப்போகாத கருத்துகளைச் சொன்ன மருத்துவர்களை என்ன செய்வது என்ற வாக்குவாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. ஒட்டுண்ணிகளுக்கான ஐவர்மெக்டினைக் கொரோனாவுக்கு மருந்தென்று தூக்கிப் பிடித்த அமெரிக்க மருத்துவர்கள் பியர் கோரி, பால் மாரிக் இருவரின் சிறப்புச் சான்றிதழையும் 2024 ஆகஸ்டில் அமெரிக்க உள்மருத்துவ வாரியம் ரத்து செய்தபோது, இப்போதாவது செய்தார்களே என்று ஒரு தரப்பும், பழிவாங்குகிறார்கள் என்று இன்னொரு தரப்பும் மல்லுக்கு நின்றன. பறிக்கலாமா கூடாதா என்று கேட்பதற்கு முன், எதற்காகப் பறிக்கிறோம் என்று கேட்க வேண்டாமா? ஒரு மருத்துவர் என்ன நினைக்கிறார் என்பது, மருத்துவர்களைக் கண்காணிக்கும் மருத்துவ மன்றத்தின் வேலையே அல்ல. அவர் என்ன செய்தார் என்பதுதான் அதன் வேலை.

வூஹான் கண் மருத்துவர் லீ வென்லியாங்கை நினைத்துப் பாருங்கள். 2019 டிசம்பர் 30 அன்று, சார்ஸ் நோயாளிகள் வந்திருக்கிறார்கள், எச்சரிக்கையாக இருங்கள் என்று உடன் படித்தவர்களின் குழுவில் எழுதினார். ஜனவரி 3 அன்று காவல் நிலையத்தில் அவர்முன் ஒரு கடிதத்தை நீட்டினார்கள். இதை நிறுத்திக்கொள்ள முடியுமா என்ற கேள்விக்குக் கீழே ‘முடியும்’ என்று எழுதிச் சிவப்பு மையில் கைநாட்டு வைத்தார். புரிந்ததா என்பதற்குக் கீழே ‘புரிந்தது’ என்று எழுதி இன்னொரு கைநாட்டு. பிப்ரவரியில் அதே நோய்க்குப் பலியானார். மார்ச்சில் அந்தக் கண்டிப்பைத் திரும்பப் பெற்றார்கள்.

அவரைப் போற்றும் பலர் ஒன்றைக் கவனிப்பதில்லை. வந்தது சார்ஸ் அல்ல, புதிய வைரஸ். அட்சர சுத்தமாகப் பார்த்தால் அவர் முதலில் எழுதியது தவறான தகவல்தான். தவறான தகவல் சொன்னார் என்பது மட்டுமே குற்றம் என்றால், அந்தக் கைநாட்டு நியாயம் என்றாகிவிடும்.

கலிபோர்னியா இந்தக் குழியில்தான் விழுந்தது. 2022 செப்டம்பரில் ஆளுநர் கவின் நியூசம் கையெழுத்திட்ட ஏபி 2098 சட்டம், சமகால அறிவியல் கருத்தொருமைக்கு முரணான பொய்த் தகவலை நோயாளியிடம் சொல்லும் மருத்துவர்மேல் நடவடிக்கை எடுக்க வழிசெய்தது. எந்தத் தேதியின் கருத்தொருமை? 2020 மார்ச் 28 அன்று, இந்தக் கிருமி காற்றில் பரவுவதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் அடித்துச் சொன்னது. ஜூலையில் 239 விஞ்ஞானிகள் சேர்ந்து, பரவுகிறது, கவனியுங்கள் என்று எழுத வேண்டியிருந்தது. அந்த ‘கருத்தொருமை’ என்ற சொல்லே தெளிவற்றது என்று கூறி நீதிபதி வில்லியம் ஷப் 2023 ஜனவரியில் இடைக்காலத் தடை விதித்தார். அதே ஆண்டில் சட்டத்தை நீக்கவும் முடிவானது. லட்சம் பேர் பார்க்கும் காணொளியை அந்தச் சட்டம் தொடவே இல்லை என்பதுதான் கொடுமை. எதிரே உட்கார்ந்திருக்கும் நோயாளியிடம் மனம்விட்டுப் பேசுவதைத்தான் அது பிடித்துக்கொண்டது.

அதற்காக எல்லாரையும் விட்டுவிடச் சொல்லவில்லை. என் பெரியம்மாவை நாங்கள் இழந்தது இப்படித்தான். ஆக்சிஜன் அளவு என்பதெல்லாம் வெறும் மிரட்டல், மருத்துவமனைக்குப் போனால்தான் சாவு, என் மருந்துப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வீட்டிலேயே இருங்கள் என்று ஒரு மருத்துவர் காணொளியில் சொன்னார். பெரியம்மா நம்பினார். விரலில் மாட்டிய கருவி 86 காட்டியபோது, இது பழுது என்று கழற்றி மேசைமேல் வைத்தார். பேச்சு பாதியில் அறுந்து அறுந்து வந்த பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் நம்பியது அந்த மனிதரை அல்ல, அவர் கழுத்தில் கிடந்த ஸ்டெதஸ்கோப்பை.

அந்த மருத்துவர் ஆக்சிஜனைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும். பார்க்காத நோயாளிக்கு மருந்து விற்றாரே, அதற்கு என்ன பதில்?

தடுப்பூசிக்கு எதிராகப் பேசியதால் பிரிட்டன் மருத்துவர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் பெயரை மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கினார்கள் என்று இன்றும் நம்புகிறவர்கள் உண்டு. பிரிட்டனின் பொது மருத்துவ மன்றம் 2007 முதல் இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் விசாரித்தது. வழக்கறிஞர்கள் வழியாக வந்த பணத்தை மறைத்தது, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் குழந்தைகளின் உடலைத் துளைக்கும் பரிசோதனைகள் செய்தது என்று குற்றப்பட்டியல் நீண்டது. தன் மகனின் பிறந்தநாள் விருந்துக்கு வந்த பிள்ளைகளின் கையில் ஆளுக்கு 5 பவுண்டு கொடுத்து ரத்தம் எடுத்திருக்கிறார்! 2010 மே மாதம் பதிவு நீக்கப்பட்டது. அந்தத் தீர்ப்பு நிற்பதற்குக் காரணம், அது கருத்தின்மேல் கட்டப்படவில்லை.

அவசரப்பட்டு வாயைக் கட்டினால் என்ன ஆகும் என்பதையும் லண்டனில் பார்த்தோம். கொரோனா பற்றிச் சமூக ஊடகத்தில் பேசக் கூடாது என்று ஒரு மருத்துவருக்கு விதித்த இடைக்காலக் கட்டுப்பாட்டை, 2021 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தவறு என்றது. முழு விசாரணையில் அந்தத் தடை நிலைக்குமா என்று, அதை விதித்த மருத்துவர் தீர்ப்பாயம் பார்க்கவே இல்லை. அவர் சொன்னதை நான் ஏற்கவில்லை. ஆனாலும் தீர்ப்பு சரியானதுதான்.

பெரியம்மா விஷயத்தில் நாங்களும் மருத்துவ மன்றத்தில் புகார் கொடுத்தோம். காணொளியில் சொன்னது அவருடைய சொந்தக் கருத்து, தலையிட முடியாது என்று ஒரே வரியில் பதில் வந்தது. எத்தனை பொட்டலம் விற்றார், வாங்கியவர்களில் எத்தனை பேரைப் பரிசோதித்தார் என்று அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை. மேல்முறையீட்டு மனுவில் இந்த இரண்டை மட்டும்தான் கேட்டிருக்கிறோம்.