கேலரியில் நிழல் யாருக்கு?

அகமதாபாத் கிரிக்கெட் மைதானத்தைப் பற்றி யார் பேசினாலும் 1,32,000 இருக்கைகளில்தான் தொடங்குவார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அங்கே இருக்கிற 76 கார்ப்பரேட் பாக்ஸ், அதாவது தனித்தனிக் கண்ணாடி அறைகள். ஏசி, சோபா, சுடச்சுடச் சாப்பாடு. கூட்டத்தில் யாரும் தோளில் இடிக்க மாட்டார்கள். ஆட்டத்தைப் பார்ப்பதோடு, மற்றவர்களிடமிருந்து விலகி உட்காரும் உரிமைக்கும் சேர்த்தே அங்கே பணம் கட்டுகிறார்கள்.

ரோமில் கி.பி. 80-ல் திறந்த கொலோசியத்திலேயே இந்தப் பிரிவினை உண்டு. செனட்டர்கள் முன்வரிசையில், பெண்களும் அடிமைகளும் உச்சியில். ஆனால் வெயில் படாமல் மேலே பெரிய துணிப்பந்தல் இழுத்துக் கட்டியிருந்தார்கள். அந்த வேலைக்குக் கடற்படை மாலுமிகளை வைத்திருந்தார்களாம். பாயும் கயிறும் பழகிய கைதானே வேண்டும்! கடப்புறத்துக்காரர்களுக்கு இதைச் சொன்னால் உடனே புரியும்.

நம் காலத்துச் சொகுசுக்கு வழி காட்டியது அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்தில் 1965-ல் திறந்த ஆஸ்ட்ரோடோம். முழுக்கக் கூரை போட்டு, முழுக்க ஏசி செய்த பேஸ்பால் அரங்கம். விற்காமல் கிடக்கும் உச்சி வரிசையைத் தனித்தனி அறைகளாக்கிப் பணக்காரர்களுக்கு விற்றது அங்கேதான். கூரையில் ஒளி புகும் பலகைகள் பதித்து, உள்ளே உண்மையான புல் வளர்த்தார்கள். பகல் ஆட்டத்தில் கூசுகிற வெளிச்சத்தில் உயரப் போன பந்து ஆட்டக்காரர்களின் கண்ணுக்குத் தெரியவில்லை. சரி என்று பலகைகளுக்குப் பெயின்ட் அடித்தார்கள். வெளிச்சம் குறைந்தது, புல் செத்தது. அடுத்த வருடம் செயற்கைப் புல்லை விரித்தார்கள். பார்ப்பவரின் சுகத்துக்காகப் போட்ட கூரை, ஆடுகிறவரின் காலுக்கடியில் இருந்த புல்லைக் காவு வாங்கிவிட்டது.

அந்தப் புல்லின் வாரிசுதான் இன்று நம் குமரி மாவட்டத்தில் நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கமெல்லாம் வலை கட்டி, லைட் போட்டு நிற்கிற டர்ஃப். மணிக்கணக்கில் வாடகை. ஆபீஸ் முடிந்து வருகிற பையன்கள் ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு போட்டு ஆடுகிறார்கள். அதில் எனக்கு வருத்தமே இல்லை. இரவு பத்து மணிக்கு ஓடி ஆட ஒரு இடம் கிடைப்பது நல்ல விஷயம். ஆனால் அங்கே வேடிக்கை பார்க்க இடமில்லை. பங்கு போடக் காசில்லாத பிள்ளைக்கு வலைக்கு வெளியே ரோடுதான்.

தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை பக்கம் போய்ப் பாருங்கள். மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபி கால்பந்துப் போட்டியில் தமிழ்நாட்டுக்கு ஆடிய எத்தனையோ பேரைக் கொடுத்த கடப்புறம் அது. டோர்ணமெண்ட் என்றால் ஊரே மைதானத்தைச் சுற்றி நிற்கும். கயிறுதான் எல்லை. பந்து வெளியே வந்தால் முன்வரிசையில் இருக்கிற சின்னப் பையன் காலால் தட்டி விடுவான். ஆழ்கடலுக்குத் தங்கல் மீன்பிடிக்கப் போய்த் திரும்பியவர், கல்லூரிப் பையன், பங்குச் சாமியார் எல்லாரும் ஒரே கூட்டம்தான். லைன் ரெஃப்ரி கொடி தூக்கினால் பத்துப் பேர் ஒரே நேரத்தில் அவரிடம் நியாயம் கேட்பார்கள். எந்தக் கண்ணாடி அறையிலும் இந்தச் சுகம் கிடைக்காது.

ஆனால் அங்கேயும் ஒரு குறை உண்டு, அதை மறைக்கக் கூடாது. பெண்கள் எங்கே? வீட்டு மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பவர்கள் சிலர், மைதானத்து ஓரத்தில் கொஞ்ச நேரம் நிற்பவர்கள் சிலர். மூன்று மணி நேரம் இருக்க வேண்டுமென்றால் கழிப்பறை வேண்டும், உட்கார இடம் வேண்டும், குழந்தைக்கு நிழல் வேண்டும். லண்டனில் 2007-ல் திறந்த புது வெம்ப்ளி கால்பந்து அரங்கத்தில் 2,618 கழிப்பறைகள் இருக்கின்றன. அதை ஆடம்பரம் என்று நான் சொல்ல மாட்டேன். எல்லாருக்கும் கிடைத்தால் அது வசதி. பத்துப் பேருக்கு மட்டும் கிடைக்கும்படி கட்டினால்தான் சொகுசு.

இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டதால் என்ன ஆகும் என்பதற்குப் பிரேசிலின் மரக்கானா கால்பந்து அரங்கமே சாட்சி. 1950 உலகக் கோப்பையில் உருகுவேயோடு நடந்த கடைசி ஆட்டத்தை அங்கே பார்த்தவர்கள் ஏறக்குறைய 2,00,000 பேர். ஆடுகளத்தைச் சுற்றித் தாழ்வாக, நின்றுகொண்டே பார்க்கும் பகுதி ஒன்று இருந்தது. ‘ஜெரால்’ என்பார்கள். இருப்பதிலேயே மலிவான டிக்கெட் அதற்குத்தான், கூலி வேலை செய்கிறவரும் வரலாம். 2005-ல் அதை மூடினார்கள். 2014 உலகக் கோப்பைக்குப் புதுப்பித்தபோது மொத்த இடமே 80,000-க்குக் கீழே வந்துவிட்டது. அரங்கம் பளபளவென்றுதான் இருக்கிறது. அந்த மலிவு டிக்கெட்காரர் வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார்.

பக்கத்தில் திருவனந்தபுரம் காரியவட்டத்தில் 2015 தேசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டிய அரங்கத்துக்கு நம் மாவட்டத்துப் பிள்ளைகளும் கிரிக்கெட் பார்க்கப் போகிறார்கள். அழகான அரங்கம், கிளப் ஹவுஸ், மாநாட்டு மண்டபம் எல்லாம் உண்டு. பெரிய மேட்ச் எப்போதாவதுதான் வரும், மண்டப வாடகைதான் கை கொடுக்கும் என்பது கட்டுகிறவர்களுக்குத் தெரியும். பெரிய நகரத்துக்கு அது சரியாக இருக்கலாம். நமக்கு அந்த அச்சு வேண்டாம்.

தொகுதிக்கு ஒரு சிறு விளையாட்டரங்கம் என்று அரசு சொல்கிறது. நம் பக்கம் கட்டும்போது வி.ஐ.பி. மேடைக்கு மட்டும் கூரை போட்டு, மற்றவர்களைப் படிக்கட்டில் வெயிலில் உட்கார வைக்காதீர்கள். ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசியிலும் மழை பெய்கிற மாவட்டம் இது. கேலரி முழுக்கக் கூரை வேண்டும். ஆடுகளம் வடக்கு தெற்காக இருக்கட்டும், கேலரி மேற்குப் பக்கம் வரட்டும். அப்போதுதான் சாயங்கால வெயில் பார்ப்பவர் முதுகுக்குப் பின்னால் போகும், கோல்கீப்பர் கண்ணிலும் அடிக்காது. பெண்களுக்கான கழிப்பறை கேலரியை ஒட்டியே, வெளிச்சத்தில், தண்ணீரோடு இருக்க வேண்டும். குடிதண்ணீர்க் குழாய் வாசலிலேயே வேண்டும். அப்புறம் அந்த வாசலின் சாவி விழா நாளில் மட்டும் வெளியே வருகிற சாவியாக இருக்கக் கூடாது. பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைக்குத் தினமும் கதவு திறந்திருக்க வேண்டும். திட்ட வரைபடம் வரும்போது ஊர்க்காரர்கள் இதையெல்லாம் கேளுங்கள். கான்கிரீட் போட்ட பிறகு கேட்டுப் பயனில்லை.