பழவேற்காட்டுக்குப் போனால் கல்லறையோடு திரும்பி வந்துவிடாதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் பழவேற்காடு போய்வந்தேன். கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஏறி, பொன்னேரியில் இறங்கி, பஸ் பிடித்தால் ஏரிக்கரை. சென்னையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர்தான். ஆனால் போய்வந்தவர்களைக் கேட்டால் பெரும்பாலும் இரண்டே விஷயம் சொல்வார்கள்: டச்சுக் கல்லறை, நண்டு வறுவல். எனக்கு அதில் மனத்தாங்கல் உண்டு.

கல்லறை பார்க்க வேண்டிய இடம்தான். வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள், உள்ளே முந்நூறு வருஷத்துக்கும் மேலான டச்சு எழுத்துகள். தொல்லியல் துறை வேலி போட்டுக் காக்கிறது, நல்ல காரியம். பக்கத்திலேயே 1613-ல் எழும்பிய கெல்ட்ரியா கோட்டை இருந்த இடம் முள்ளும் புதருமாகக் கிடக்கிறது. 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களுக்கு அதுதான் தலைமையிடம். இங்கிருந்து கப்பலேறிய கட்டம்போட்ட துணிக்கு மலாய்க்காரர்கள் வைத்த பெயர் ‘கைன் பெலிகாட்’. மலேசியாவில் கைலிக்கு இன்றும் அதுதான் பெயர். நம் ஊர்ப் பெயர்தான் அங்கே போய் அப்படி ஆகியிருக்கிறது!

துணி மட்டும் போகவில்லை. பஞ்ச காலங்களில் சோற்றுக்கு வழியில்லாமல் விற்கப்பட்ட நம் ஜனங்களும் ஆயிரக்கணக்கில் இதே கரையிலிருந்து படாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, அடிமைகளாகப் போனார்கள். வணிகர்களின் பெயர் கருங்கல்லில் இருக்கிறது. இவர்களுக்கு ஒரு கல்கூட இல்லை. அந்த வாசலில் நிற்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனத்துப்போகிறது. அங்கே ஒரு பலகையாவது வைக்க வேண்டும் என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் இந்தப் பதிவை எழுத உட்கார்ந்தது ஏரிக்காக. கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம், “நாளைக்குப் போவீங்களா ஐயா?” என்று கேட்டேன். “நாளைக்கு எங்க பாடு இல்ல தம்பி, நாளன்னிக்கு” என்றார். கை நிற்கவே இல்லை. நைலான் நூலைக் கால் கட்டைவிரலில் இழுத்துப் பிடித்து, கிழிந்த கண்களை ஒவ்வொன்றாக முடிந்துகொண்டே பேசினார்.

பாடு என்றால் முறை. ஏரி கடலோடு சேருகிற முகத்துவாரத்தை ஒட்டி இறால் நன்றாக ஓடுகிற இடங்கள் கொஞ்சம்தான். கழி நட்டு வலை கட்ட எல்லாரும் ஒரே நாளில் இறங்கினால் சண்டைதான் மிஞ்சும். அதனால் எந்த நாள் எந்த இடம் யாருக்கு என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு, சுழற்சியில் பிரித்துக்கொள்கிறார்கள். கடலையும் ஏரியையும் பங்கு போட்டுக்கொள்ளத் தெரிந்த இந்த அறிவு நமக்குக் கோட்டையைவிடப் பெரிய சொத்து. அதில் குறை இல்லை என்று சொல்ல மாட்டேன். பாடு உரிமை எல்லாச் சாதிக்கும் இல்லை, பெண்களுக்கும் இல்லை. இருளர் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, அகப்பட்டதை அப்படியே அதில் போடுகிறார்கள். மணிக்கணக்கில் அந்த ஓலை விளிம்பு பல்லுக்கு நடுவில்தான் இருக்கிறது. அவர்கள் உழைப்பையும் கணக்கில் எடுத்துத்தான் இந்த ஏரியைப் பற்றிப் பேச வேண்டும்.

இத்தனை பேரின் சோறும் முகத்துவாரத்தில் இருக்கிறது. அது மணல் மூடி அடைபட்டால் கடல் தண்ணீர் உள்ளே வராது, இறால் குஞ்சு ஏறாது, படகு வெளியே போகாது. வெயில் காலத்தில் மேடு தட்டுவது முன்பும் உண்டு. இப்போது அடிக்கடி அடைபடுகிறது, தெற்கே எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகத்துக்காகக் கட்டிய அலைதடுப்புச் சுவர்கள் மணல் ஓட்டத்தையே மாற்றிவிட்டன என்பது மீனவர்களின் நெடுநாள் புகார். தூர்ந்தபோது கைக்காசு போட்டு அவர்களே தோண்டியிருக்கிறார்கள். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போகாதே என்கிற உத்தரவு ஒழுங்காக வந்துவிடுகிறது. முகத்துவாரத்தை நிரந்தரமாகத் திறந்துவைக்கிற வேலை மட்டும் ஏன் அத்தனை வருஷம் இழுத்தது? கல்லறைக்குக் காவல் போட முடிந்த நாட்டில், உயிரோடு இருக்கிற ஏரிக்கு வாய் திறந்துவைக்க அத்தனை நாளா ஆக வேண்டும்?

போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஏரிக்குள் கூட்டிப்போகச் சொல்லி யாரையும் நச்சரிக்காதீர்கள். 2011 டிசம்பர் 25 அன்று படகு கவிழ்ந்து 22 பேர் செத்த ஏரி இது. பாலத்தில் நின்று பாருங்கள், போதும். குளிர்காலத்தில் போனால் பூநாரைகள் இருக்கும். முஸ்லிம் பெண்கள் பின்னுகிற பனையோலைக் கூடை ஒன்று வாங்குங்கள். பெரிய பள்ளிவாசலில் நிழலை வைத்து நேரம் பார்க்கிற சூரியக் கடிகாரம் இருக்கிறது, அனுமதி கேட்டுப் பாருங்கள். மீன் வாங்கினால் கரையில் கூடை வைத்திருக்கிற அக்காக்களிடம் வாங்குங்கள், பேரம் பேசாமல்.

நான் அன்று வாங்கியது மடவை. செதில் சீவிக்கொண்டே அந்த அக்கா, “இது ஏரி மீனு, கடல் மடவை இல்ல, ருசியில தெரியும் பாரு” என்றார். வீட்டில் குழம்பு வைத்தோம். தெரிந்தது.