அமிலாய்டோடு முடிந்துவிடுகிறதா?

அல்சைமர் நோயைப் பற்றி வந்த கட்டுரை, அதை மூளையில் சேரும் அமிலாய்டு என்ற புரதப் படிவுகளின் கதையாகவே சொல்லி முடித்துவிட்டது. அசிட்டைல்கோலினுக்கு ஒரு வரிகூட ஒதுக்காதது பெரிய குறை. நினைவுக்கும் கவனத்துக்கும் இன்றியமையாத இந்த வேதிப்பொருளைத் தயாரிக்கும் நொதி, நோயாளிகளின் மூளையில் வெகுவாகக் குறைந்திருப்பதை பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1976-லேயே கண்டுவிட்டார்கள். அல்சைமருக்குத் தரும் டொனெபெசில் மாத்திரை வந்ததே அந்த வழியில்தான். அது புதிதாக எதையும் சுரக்கவைப்பதில்லை. அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியைத் தடுத்து, மிச்சம் இருப்பதைக் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்கவைக்கிறது, அவ்வளவுதான். நோய் பாட்டுக்கு வளரும்.

வீடுகளில் பலரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சளி மாத்திரைகள் பலவற்றில் குளோர்பெனிரமின் இருக்கிறது. அது அசிட்டைல்கோலினின் வேலையையே மறிக்கக்கூடியது. டொனெபெசிலோடு அதையும் கொடுப்பது ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குவதுதான். என் மாமியார் அப்படியொரு மாத்திரை விழுங்கிய இரவில், போர்வை ஓரத்தை ரவிக்கை என்று எண்ணி, இல்லாத கொக்கியை விடியும்வரை மாட்டிக்கொண்டிருந்தார். சிறுநீர் அடக்க முடியாதவர்களுக்கு எழுதித்தரும் ஆக்சிபியூட்டினினும் இதே ரகம். சீட்டு எழுதுபவர் வேறு மருத்துவராக இருப்பார். முதல் சீட்டை யார் காட்டுகிறார்கள்?

மூளையின் இன்னொரு வேதிப்பொருளான குளுட்டமேட் பக்கம் வேலை செய்யும் மெமன்டைன் என்ற மருந்தைப் பற்றியும் கட்டுரையாளர் விரிவாக எழுத வேண்டும்.