மாறாதது விமானத்தின் வேகம் அல்ல

“கான்ஸ்டன்ட் ஸ்பீடு புரொப்பல்லர் பொருத்தினால் விமானம் மாறாத வேகத்தில், எப்போதும் வேகமாகப் பறக்கும்” என்று சிலர் நம்புவது தவறு. புரொப்பல்லர் என்பது எஞ்சின் சுழற்றும், விமானத்தை இழுத்துச் செல்லும் விசிறி. அந்தப் பேச்சை நம்பி யாரும் பணத்தைச் செலவிட்டுவிடக் கூடாது.

மாறாமல் இருப்பது எஞ்சினின் சுழற்சி வேகம். கவர்னர் என்ற கருவி, பெரும்பாலும் எஞ்சின் எண்ணெயின் அழுத்தத்தைக் கொண்டு, புரொப்பல்லர் இதழ்களின் கோணத்தை மாற்றி அதைக் காக்கிறது. உண்மையான ஆதாயம் ஓடுபாதையிலும் மேலேறும்போதும்தான். செஸ்னா 172எஸ் விமானத்தின் எஞ்சின் 180 குதிரைத்திறன் தருவது நிமிடத்துக்கு 2,700 சுற்றில். அதன் கோணம் மாறாத புரொப்பல்லரோ, நின்ற நிலையில் எஞ்சினை முழுதாக முடுக்கினாலும் ஏறத்தாழ 2,300 முதல் 2,400 சுற்றுதான் எட்டும். மிச்சத் திறன் தேவையான நேரத்தில் கைக்கு வருவதில்லை. கோணம் மாறும் புரொப்பல்லர் அதை மீட்டுத் தருகிறது.

ஆனால் நெடும்பயண வேகத்துக்கென்றே கோணம் தேர்ந்த நிலையான புரொப்பல்லர், அந்த வேகத்தில் பெரிதாகப் பின்தங்குவதில்லை. எடை குறைவு, பராமரிப்பும் எளிது. எல்லா எஞ்சினிலும் மாற்றிப் பொருத்தவும் முடியாது: கிராங்க் ஷாஃப்ட் எனும் எஞ்சினின் சுழல்தண்டு வழியே புரொப்பல்லருக்கு எண்ணெய் செல்ல வழியில்லாதவை உண்டு. குட்டையான ஓடுபாதையா, சமவெளியில் நீண்ட பயணமா என்பதை முதலில் கேளுங்கள்.