வர்ற போனை எடுத்தது ஒரு குத்தமா?

சிங்கப்பூர்ல இருந்தப்ப வந்த போனை எடுத்துப் பேசினதுக்கு அம்மாவுக்கு 12,390 ரூபாய் பில் வந்ததைப் பத்தி வெள்ளிக்கிழமை போட்ட பதிவை ஏன் எடுத்தேன்னு நிறைய பேர் இன்பாக்ஸ்ல கேட்டுட்டீங்க. அந்த கமெண்ட்டால எடுக்கல. அதுக்குக் கீழ விழுந்த சிரிப்பு எமோஜிகளைப் பார்க்க முடியல, அதான். "படிக்கத் தெரியாதவங்களை வெளிநாட்டுக்கு அனுப்பினா இப்படித்தான் தண்டம் அழணும்"னு எழுதினவர் எங்க வீட்டுக்கு வந்து அம்மா கையால சொதி சாப்பிட்டவர். எட்டு வருஷப் பழக்கம். அதனாலதான் வலிக்குது.

அம்மா சிங்கப்பூர் போனது ஊர் சுத்திப் பார்க்க இல்ல. தங்கச்சி பிரசவத்துக்கு. நம்ம ஊர் நம்பர் அங்கயும் வேலை செய்யற மாதிரி ரோமிங் போட்டது நான்தான். பென்ஷன் பேங்க் ஓடிபி வரணும். கஸ்டமர் கேர்ல கேட்டப்ப "மெசேஜ் வர்றதுக்குக் காசு இல்ல மேடம்"னு சொன்னாங்க. அது உண்மைதான். போனை எடுத்துப் பேசினா காசுன்னு அவங்களும் சொல்லல, எனக்கும் கேட்கத் தோணல. டேட்டா ரோமிங்கை நானே ஆஃப் பண்ணித்தான் அனுப்பினேன். அங்க போனதும் தங்கச்சி லோக்கல் சிம்மும் வாங்கிக் கொடுத்துட்டா. இதுக்கு மேல என்ன செய்யணும்?

பேரன் பொறந்தான். சொந்தக்காரங்க கூப்பிட்டாங்க. அவ்வளவுதான் நடந்தது. பெரியம்மாகிட்ட பட்டன் போன். வாட்ஸ்அப் கிடையாது. அவங்களுக்குத் தெரிஞ்சது அம்மாவோட இந்தப் பத்து இலக்க நம்பர்தான். அவங்க போடற கால் அவங்க பிளான்ல ஃப்ரீ. உள்ளூர் நம்பருக்கு உள்ளூர் கால். அந்தப் பக்கம் சிங்கப்பூர் வரைக்கும் போற செலவு, எடுக்கிறவங்க தலையில. நிமிஷத்துக்கு 75 ரூபாய். "குழந்தை யாரு சாடை?"ன்னு ஆரம்பிச்சு, பத்தியம் என்ன, மருந்து அரைச்சியான்னு 22 நிமிஷம் பேசியிருக்காங்க. பில்லுல அந்த ஒரு காலுக்கு மட்டும் 1,650 ரூபாய். மொத்தம் 31 கால், 140 நிமிஷம். ஜிஎஸ்டியோட 12,390.

நான் கேட்கிறது ஒண்ணே ஒண்ணு. ஏன் நிறுத்தல?

மாசம் 471 ரூபாய் கட்டற நம்பர் அது. ஆறு வருஷமா ஒரு ரூபா கூடினது கிடையாது. திடீர்னு ஆயிரம் தாண்டுது, அஞ்சாயிரம் தாண்டுது, பத்தாயிரம் தாண்டுது. யாருக்கும் ஒரு போன் பண்ணிக் கேட்கத் தோணலையா? இதே ப்ரீபெய்டா இருந்தா பேலன்ஸ் தீர்ந்த நொடியே பேச்சு பாதியில அறுந்திருக்கும். அங்க நிறுத்தத் தெரியுது. போஸ்ட்பெய்டுல மட்டும் ஏன் நிறுத்தல?

"வெளிநாட்டு நெட்வொர்க் கணக்கு அனுப்பினாத்தானே இவங்களுக்குத் தெரியும்"னு ஒருத்தர் வந்தார். சார், பெரியம்மா போட்ட கால் முதல்ல வந்து நிக்கிறதே நம்ம ஊர் கம்பெனி வாசல்லதான். அம்மா எந்த நாட்டுல இருக்காங்கன்னு பார்த்து, அங்க தள்ளி விடறதே அவங்கதான். 31 தடவையும் அவங்க கை வழியாத்தான் போயிருக்கு. தெரியாதுன்னு சொல்ல முடியாது.

"மெசேஜ்ல ரேட் அனுப்பினாங்களே"ன்னு இன்னொருத்தர். அனுப்பினாங்க. முழுக்க இங்கிலீஷ்ல, ரோமிங் பேக் (முன்கூட்டியே காசு கட்டி வாங்கற திட்டம்) விளம்பரத்தோட. அம்மா தமிழ்ல தினம் பேப்பர் படிக்கிறவங்க. அவங்களைப் படிக்கத் தெரியாதவங்கன்னு சொல்லாதீங்க. பேக் போடாதது என் தப்பு, ஒத்துக்கறேன். என் தப்புக்கு என்னைத் திட்டுங்க, அம்மாவை ஏன் இழுக்கறீங்க?

ஐரோப்பாவைப் பத்திச் சொன்னா "அது பல நாடு சேர்ந்த ஐரோப்பிய ஒன்றியம், நமக்கு ஒத்து வராது"ங்கறாங்க. சரி, 2017 ஜூன் 15-லேர்ந்து அங்க ஒன்றியத்துக்குள்ள எந்த நாட்டுக்குப் போனாலும் சொந்த ஊர்க் கட்டணம்தான். அதை நான் கேட்கல. அதுக்கு ஏழு வருஷம் முன்னாடியே, 2010-லேயே, ரோமிங் டேட்டா 50 யூரோவைத் தொட்டா நிறுத்தணும், ஆள் சரின்னு சொன்னாத்தான் மேல போகணும்னு விதி கொண்டு வந்தாங்க. அந்தக் கேள்வியைத்தான் நான் கேட்கிறேன். கட்டணத்தைக் குறைக்க வேணாம். ஒரு இடத்துல நின்னு "தொடரலாமா?"ன்னு கேளுங்க, தமிழ்ல.

வர்ற காலுக்குக் காசுங்கிறது நம்ம நாட்டுலயும் இருந்ததுதான். 2003-லதான் சொந்த வட்டத்துக்குள்ள (செல் சேவைக்குப் பிரிச்ச எல்லை) போச்சு. வட்டம் தாண்டி ரோமிங்ல இருந்தா அப்புறமும் காசுதான். அப்பா மருந்துக் கம்பெனி ரெப். அப்போ சென்னை ஒரு வட்டம், மத்த தமிழ்நாடு ஒரு வட்டம். மீட்டிங்குக்காக ரயில்ல போறப்ப செங்கல்பட்டு தாண்டினதும் செல்லை ஆஃப் பண்ணிடுவார். ஒரு தடவை எனக்குக் காய்ச்சல் முத்தி ஆஸ்பத்திரியில சேர்த்தப்ப, அம்மா எஸ்டிடி பூத்துலேர்ந்து ராத்திரி முழுக்க அந்த ஆஃப் பண்ண செல்லுக்கு அடிச்சுக்கிட்டு இருந்தாங்க. இதே தமிழ்நாட்டுக்குள்ள! அந்தச் சுவர் தானா விழல. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், கட்டண உச்சவரம்பை இறக்கிக்கிட்டே வந்துச்சு. 2015-ல வர்ற காலுக்கு ரோமிங்ல நிமிஷத்துக்கு 75 பைசாவுக்கு மேல வாங்கக்கூடாதுன்னு இருந்ததை 45 பைசா ஆக்கினாங்க. அப்புறம் அதுவும் போச்சு.  "படிச்சுட்டு ரயில் ஏறு"ன்னு அன்னைக்கு யாரும் அப்பாவைப் பார்த்துச் சிரிக்கல.

படிச்சவங்களுக்கும் இது நடக்கும். தனுஷ்கோடி போனவங்களைக் கேளுங்க, மணல்ல நிக்கிறப்பவே சில போன்ல இலங்கை டவர் பிடிச்சுடும். பாஸ்போர்ட்டே இல்லாம.

பில்லை நான் கட்டிட்டேன். பணம் போனது பெருசில்ல. ஊர் வந்த அன்னைக்கே அம்மா அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னாடியிருந்து மடிச்சு வெச்ச ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை எடுத்து என் முன்னாடி வெச்சாங்க. எண்ணிப் பார்த்தா ஒன்பது. "மீதியை அடுத்த பென்ஷன்ல தர்றேன்"னாங்க. பேரனைக் குளிப்பாட்டித் தூங்க வெச்சுட்டு வந்தவங்க, ஏதோ திருடிட்டு வந்த மாதிரி தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னாங்க. சிரிப்பு எமோஜி போட்டவங்க அதைப் பார்க்கல.

நேத்து சாயங்காலம் பெரியம்மா கூப்பிட்டாங்க. போன் அடிச்சுக்கிட்டே இருக்கு, அம்மா அதைக் கையில வெச்சுக்கிட்டு என் மூஞ்சியைப் பார்க்கிறாங்க.

"இப்ப எடுக்கலாமாடி?"

நாங்க உட்கார்ந்திருந்தது அம்பாசமுத்திரத்துல, எங்க வீட்டுத் திண்ணையில.