காது இரைச்சலுக்குப் பழகுவதில்லை
"கான்கிரீட் உடைக்கும் வேலையில் சில மாதங்களில் காது பழகிவிடும், பஞ்சு வைத்தால் போதும்" என்று சொல்லப்படுவது தவறான, ஆபத்தான கருத்து. இரைச்சல் குறைந்ததுபோலத் தோன்றினால், உட்செவியில் ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்கள் சிதையத் தொடங்கியிருக்கக்கூடும். மனிதருக்கு அவை மீண்டும் வளர்வதில்லை. அமெரிக்கத் தொழில்சார் நல ஆய்வு நிறுவனமான நியாஷ், 8 மணி நேர வேலைக்கு 85 டெசிபலை வரம்பாகப் பரிந்துரைக்கிறது; ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அனுமதிக்கப்படும் நேரம் பாதியாகக் குறைவதால், 100 டெசிபலில் 15 நிமிடமே கிடைக்கும். கான்கிரீட் உடைக்கும் பிரேக்கர் இயந்திரமோ அந்த அளவை எளிதில் எட்டிவிடும்.

பஞ்சு ஏறக்குறைய எதையும் தடுப்பதில்லை. இரைச்சலைத் தடுக்கக் காதில் வைக்கும் நுரைச் செருகியைக்கூட மெல்லிதாக உருட்டி, மறுகையால் காதுமடலை மேல்நோக்கிப் பின்னே இழுத்துச் செருகி, அது விரியும்வரை விரலால் பிடித்திருக்க வேண்டும். பலர் செய்வதுபோலப் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அது பெயருக்குத்தான் பாதுகாப்பு.